எண்பத்தெட்டு புள்ளி மூன்று

டிரைவர் வேலை என்றால் வண்டி ஓட்டுவது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அட, ஓட்டுவது எங்கே! ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் முதலாளி எப்போது இறங்கி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்!

நம் ஆளுக்கு மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் பொறுமை. ஒரு முறை சிக்னலில் முன்னால் நின்ற லாரிக்காரர் தூங்கிப் போய்விட்டார். பச்சை விளக்கு இரண்டு தடவை வந்து போனது. பின்னாலிருந்து ஊரே ஹாரன் அடித்தது. இவர் மட்டும், ‘பாவம், என்ன அசதியோ’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அந்தப் பெயர். பொறுமை கடலினும் பெரிது என்பார்கள். இவருடையது பன்னிரண்டு வருஷமாக ஒரு காருக்குள் அடைந்து கிடந்தது.

காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். இரண்டு பஸ் மாறி, முதலாளி குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்கு அடியில் இருக்கும் பார்க்கிங்குக்கு வந்து, வண்டியைத் துடைத்து, எட்டரை வரை உள்ளே உட்கார்ந்திருப்பார். முதலாளியை அலுவலகத்தில் விட்டு அங்கே காத்து, சாயங்காலம் கிளப்பில் விட்டு அங்கே காத்து, அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் தன் வீடு போய்ச் சேரப் பத்து மணி ஆகும். அதற்குள் பன்னிரண்டு வயது மகள் தூங்கியிருப்பாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் துணி மடிக்கும் மனைவி, பாதித் தூக்கத்தில் எழுந்து தட்டை வைத்துவிட்டு மறுபடி படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை? முதலாளிக்கு ஒரு தோட்ட வீடு இருக்கிறது. அங்கே போக வண்டி வேண்டும், வண்டிக்கு டிரைவர் வேண்டும்.

அவருக்கு ஆசை ஒன்றுதான். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போக வேண்டும். மகள் எதிரில் உட்கார்ந்து அன்று நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டும், இவர் கேட்க வேண்டும். அதற்கு இந்த வேலையை விட்டாக வேண்டும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தப் பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. தீப்பெட்டி அளவு எம்.பி.3 பிளேயர். முதலாளியின் ஒரே மகன் தூர தேசத்திலிருந்து ஒரு வாரம் வந்திருந்தபோது கொண்டுவந்தது. அம்மாவின் காரில் அதைப் போட்டுக் கேட்க வேண்டும் என்றான். அந்தக் காரின் ஸ்டீரியோவோ பழசு. ஒயர் சொருக ஓட்டையே கிடையாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான் பையன். சிகரெட் பற்றவைக்கும் துளையில் சொருகுகிற ஒரு சின்னக் கருவி, டிரான்ஸ்மிட்டர். பிளேயரின் ஒயரை அதில் மாட்டினால் அது பாட்டைக் காற்றில் அனுப்பும். காரின் ரேடியோ பிடித்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே எண்ணை வைக்க வேண்டும், அவ்வளவுதான். ரோட்டில் எந்த எண்ணை வைத்தாலும் ஏதாவது ஒரு ஸ்டேஷன் உள்ளே புகுந்து கத்தியது. பொறுமை அரை நாள் உட்கார்ந்து திருகித் திருகி, காலியாகக் கிடந்த ஒரே எண்ணைக் கண்டுபிடித்தார். எண்பத்தெட்டு புள்ளி மூன்று. அதை முதலாளியம்மாவின் ரேடியோவில் ஒன்றாம் பொத்தானில் பதித்தும் வைத்தார்.

மகன் திரும்பிப் போகும்போது புதுப் போன் இருக்கிறதென்று இரண்டையும் விட்டுவிட்டுப் போனான். “உங்க பொண்ணுக்குக் குடுங்க” என்று முதலாளியம்மா அவற்றைப் பொறுமையின் கையில் கொடுத்தார்.

மகளுக்குப் பாட்டு பெரிதாகப் படவில்லை. பெட்டியில் குரல் பதியும் வசதி இருப்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் விடியற்காலை, சாப்பாட்டு டப்பாவோடு பெட்டியும் இருந்தது. பார்க்கிங்கில் காத்திருக்கும்போது, டிரான்ஸ்மிட்டரை முதலாளியின் காரில் சொருகி, தெரிந்த எண்ணாயிற்றே என்று அதே எண்பத்தெட்டு புள்ளி மூன்றை வைத்து, பாட்டு வரும் என்று பொத்தானை அழுத்தினார்.

“அப்பா, நான்தான். இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா? கணக்கு டீச்சர் தூங்கிட்டாங்கப்பா! நாங்க எல்லாரும் சத்தம் போடாம உக்காந்திருந்தோம், அவங்க எழுந்திருச்சுடக் கூடாதேன்னு…”

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் பாதி முதலாளி பின் சீட்டில் இருப்பார். அப்போது போனைத் தொடக் கூடாது. மற்ற நேரம் வண்டி வீட்டிலும் கிளப்பிலும் தரைக்கு அடியில்தான் நிற்கும், அங்கே சிக்னல் கிடையாது. ஆக, பெட்டி ஒரு நாள் அப்பாவிடம், மறுநாள் மகளிடம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். அவர் மத்தியானம் அலுவலக மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பதில் பதிவார். ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிறவர்கள், கப்பலில் போனவனுக்குக் கடிதம் போடுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்கு ‘ஏப்பம் சார்’ என்று பெயர் வைத்தாள் மகள். “டிரைவர், ஏசி! டிரைவர், ஏசி!” என்று முதலாளியம்மா மாதிரியே மூக்கால் பேசிக் காட்டினாள். கேட்டு இவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிச் சிரிப்பார்.

முதலாளியம்மாவும் தினம் எட்டு மணிக்குக் கீழே வருவார். தன் திரைத்துணிக் கடைக்குத் தானே ஓட்டிப் போவார். அவர் கார் நிற்பது இவர் காருக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில். ஆனால் உடனே கிளம்ப மாட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடி, அரை மணி உட்கார்ந்திருப்பார். பணக்காரர்களின் தியானம் போலிருக்கிறது என்று பொறுமை நினைத்துக்கொண்டார். அவர் தலையைக் கண்டதும் மரியாதைக்கு ஸ்டீரியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பார்களே, அவர் பக்கம் பார்க்கத்தான் செய்தார்.

வேலையை விடும் யோசனையும் அந்தப் பெட்டிக்குள்தான் வளர்ந்தது. ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்துவிடும். முதலாளியிடம் சொல்ல வேண்டியதை அவர் பெட்டியில் பேசிப் பார்த்தார். அடுத்த முறை பெட்டி கைக்கு வந்தபோது அதில் மகளின் திருத்தம் இருந்தது.

“அப்பா, ‘மன்னிச்சிடுங்க’ன்னு நாலு தடவை சொல்றீங்க. நீங்க என்ன திருடினீங்களா? எடுத்துடுங்க. பொண்ணு படிப்பைக் கவனிக்கணும்னு சொல்லுங்க, அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.”

அப்படியே பேசிப் பதிந்து, காலையில் போட்டுக் கேட்டு, திங்கட்கிழமை சொல்வதென்று முடிவு செய்தார். திங்கட்கிழமை முதலாளி ஏறி உட்கார்ந்தார். இவர் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே பேசினார். “என்னப்பா, உன் பொண்ணு படிப்புக்கு ட்யூஷன் டீச்சர் ஏற்பாடு பண்ணியாச்சு. வீட்டுக்கே வருவாங்க. எல்லாம் மேடம் ஏற்பாடு.”

பொறுமை என்ன செய்வார்? “ரொம்ப நன்றி சார்” என்றார். ரொட்டி வேன் வேறு யாருக்கோ போயிற்று.

அடுத்து நூலக வண்டி ஓட்டும் வேலை வந்தது. இந்தத் தடவை மகள், “முதுகு வலின்னு சொல்லுங்கப்பா. டாக்டர் உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டார்னு சொல்லுங்க” என்று சொல்லிக்கொடுத்தாள். அவருக்கு முதுகு வலியே கிடையாது. மனைவியிடம்கூட இந்தப் பொய்யைச் சொல்லவில்லை. சொல்ல நினைத்த அன்று காலை, முதலாளி கையில் ஒரு பெரிய பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், முதுகுக்கு வைக்கும் மெத்தை! “முதுகு வலிக்கு இதுதான் நல்லதாம். மேடம் வாங்கிட்டு வந்தா.”

இல்லாத வலிக்கு மருந்து வந்திருக்கிறது. அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டாமா? தட்டவில்லையே! மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் மூடி உடைந்தது, நாலு நாளில் மேடம் புதுசு ஒன்று கொடுத்தார், அப்போதும் தட்டவில்லை. ‘மனசறிஞ்சு செய்யறவங்கடா இவங்க, இவங்களை விட்டுட்டுப் போறேன்னு நினைக்கிறியே பாவி’ என்று தன்னையே திட்டிக்கொண்டார். மெத்தையில் சாய்ந்து சாய்ந்து, ஒரு மாதத்தில் நிஜமாகவே முதுகு வலி வந்துவிட்டது. அது வேறு கதை.

மூன்றாவதாக வந்தது பள்ளிக்கூட பஸ். காலை ஒரு நடை, மாலை ஒரு நடை, ஐந்தரைக்கு வீடு. பள்ளியின் போக்குவரத்து மேற்பார்வையாளர் முன்பு இவரோடு கார் ஓட்டியவர்தான். “இதோ பாருங்க பொறுமை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உங்களுக்காக வச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது. இனிமே இப்படி ஒரு இடம் விழவும் விழாது” என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை. முறைப்படி பெட்டி அவரிடம். மகளின் குரலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டடக் காவலாளி ஓடி வந்தார். “அண்ணே, மேடம் வண்டிக்கு அடியில சாக்கடை மூடி இருக்கு. அடைப்பு எடுக்க ஆள் வந்திருக்காங்க. மேடம் இன்னும் இறங்கல. சாவி இந்தாங்க, வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க.”

பெட்டியை நிறுத்தாமல் அப்படியே இறங்கிப் போனார். முதலாளியம்மாவின் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். காதே கிழிகிற சத்தத்தில் அவர் மகள் பேசினாள்.

“…அதனால இந்தத் தடவை காரணமே சொல்லாதீங்கப்பா. நீங்க காரணம் சொன்னா அவங்க அதைச் சரி பண்ணிடுறாங்க. வேலையை விடுறேன் சார்னு மட்டும் சொல்லுங்க. ஏன்னு கேட்டா வாயைத் திறக்காதீங்க.”

பொறுமைக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. மகள் எப்படி இந்தக் காருக்குள் வந்தாள்? ரேடியோவைப் பார்த்தார். எண்பத்தெட்டு புள்ளி மூன்று. அவரே பதித்த ஒன்றாம் பொத்தான். இந்தப் பாதாளத்துக்குள் வேறு எந்த ஸ்டேஷனும் எட்டாது. எட்டுகிற ஒரே ஸ்டேஷன் அடுத்த காரில் இருக்கிறது. ஸ்டீரியோவின் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வைத்தாரே, அது அவர் காதுக்கு மட்டும்தான் குறைந்தது. காற்றில் போனது குறையவே இல்லை. இங்கே சத்தக் குமிழ் முக்கால் சுற்றுக்கு மேல் திருகிக் கிடந்தது. தெரியாமல் காதில் விழுந்ததல்ல, வேண்டுமென்றே கேட்டது.

அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. ட்யூஷன் டீச்சர். மெத்தை. ஜியாமெட்ரி பாக்ஸ். அந்தத் தியானம்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் நடந்தது. பெட்டி மகளிடம் இருக்கும் நாளில் மேடம் இரண்டே நிமிஷத்தில் கிளம்பிவிடுவார். ஐயோ, ‘ஏப்பம் சார்’! ‘டிரைவர், ஏசி!’ எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்! அவமானத்தில் உடம்பு கொதித்தது. அதன் பின்னால் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை வந்த கோபம் என்பதால், அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வண்டியைத் தள்ளி நிறுத்தினார், சாவியைத் திருப்பிக் கொடுத்தார், முதலாளியை அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டார்.

வியாழன் விடியற்காலை, டப்பா கட்டிக்கொண்டிருந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். “என்னங்க, யாராவது அடிச்சாங்களா?” என்றாள். சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நாம பேசினது எல்லாத்தையுமா? அவங்க கடைத் துணி எல்லாம் சாயம் போற ரகம்னு பொண்ணு பதியறப்ப நான் பின்னாலேருந்து சொன்னேனே, அதையுமா?”

“அதையும்தான்.”

“அவங்களுக்கு நல்லா வேணும்.” கரண்டியை மறுபடி எடுத்தவள், “கோவமே வரலையா உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“வருது. ஆனா அவங்க நமக்கு நல்லதுதானே செஞ்சிருக்காங்க?”

“நல்லதா? முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும் கிழியறது சேலைதாங்க. நாளைக்கு நாலு மணி. இந்தத் தடவையும் நன்றி சார்னு சொல்லிட்டு வந்தீங்கன்னா, எனக்கும் ஒரு பெட்டி வாங்கிக் குடுத்துடுங்க. நானும் அதுலயே பேசிக்கிறேன்.”

வெள்ளிக்கிழமை காலை பெட்டி அவரிடம் இருந்தது. பார்க்கிங்குக்கு வந்ததும் முதல் வேலையாக வாயருகே வைத்துப் பதிந்தார்.  எட்டு மணிக்கு முதலாளியம்மா வந்தார், காரில் ஏறினார், கண்ணாடியை ஏற்றினார், கண்ணை மூடினார். பொறுமை பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை ஸ்டீரியோவின் சத்தத்தைக் குறைக்கவில்லை.

“மேடம், டிரைவர் பேசறேன். நீங்க கேக்கறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு என் பொண்ணு பேச மாட்டா.”

பக்கத்துக் காரில் கண் திறந்தது. முதலாளியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கண்ணாடி இறங்கியது. பொறுமையும் தன் கண்ணாடியை இறக்கினார். இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரு முழ தூரம்தான்.

“எத்தனை நாளா மேடம்?”

“பதினாலு மாசமா. முதல் நாள் தற்செயலாத்தான் கேட்டேன். என் பையன் ஏதாவது பாட்டு போட்டு வச்சிருப்பானோன்னு அந்தப் பொத்தானை அமுக்கினேன். உங்க பொண்ணு பேசினா.” அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். “தப்புதான். நிறுத்தணும்னு தினமும் நினைப்பேன். என் பையன் போன் பண்ணினா ஒரு நிமிஷம் பேசுவான். வீட்டுல உங்க சார் பேப்பரை விட்டுத் தலை நிமிர மாட்டார். உங்க பொண்ணு அரை மணி பேசுவா. என்னை மாதிரி மூக்கால பேசிக் காட்டினாளே, அன்னைக்கு நான் எவ்வளவு சிரிச்சேன் தெரியுமா?”

“எனக்கு முதுகு வலி இல்ல மேடம். அது பொய்.”

“தெரியும். சொல்லிக்குடுத்ததே அவதானே?”

“தெரிஞ்சுமா மெத்தை வாங்கிக் குடுத்தீங்க?”

முதலாளியம்மா கைப்பையின் வாரை விட்டுவிட்டார். பிறகு, பொய் சொல்ல அலுத்துப்போனவரைப் போலச் சொன்னார். “மெத்தையைக் குடுத்துட்டா நீங்க அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாதுல்ல? நீங்க போயிட்டா அந்தக் குரலும் போயிடும்.”

 பொறுமைக்குப் பரிதாபமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டில் எதை முதலில் படுவது என்று தெரியாமல் வார்த்தை தானாக வந்துவிட்டது.

“என் பொண்ணு பேச்சை நீங்க கேக்கணும்னு, என்னை என் பொண்ணுகிட்டப் போக விடாம பண்ணிட்டீங்களே மேடம்!”

இப்படி உரக்க அவர் அந்தக் கட்டடத்தில் ஒரு நாளும் பேசியதில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார்.  அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்து முதலாளி வந்தார்.

பொறுமை இறங்கினார். வழக்கம்போலப் பின் கதவைத் திறக்கவில்லை.

“வேலையை விடுறேன் சார். இந்த மாசக் கடைசியோட.”

“என்னப்பா திடீர்னு? ஏன்?”

பொறுமை வாயைத் திறக்கவில்லை.

“அட, எதுவா இருந்தாலும் சொல்லு, பாத்துக்கலாம். உடம்பு சரியில்லையா? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?”

மகள் சொன்னது காதில் கேட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தன் செருப்பு நுனியைப் பார்த்தார். முதலாளி வழக்கம்போல மனைவியின் பக்கம் திரும்பினார். டிரைவருக்கு என்ன வேண்டும் என்று இத்தனை நாளும் அவர்தானே சொல்லிக்கொண்டிருந்தார்! முதலாளியம்மா சாவியைத் திருப்பி இஞ்சினைக் கிளப்பினார்.

“விடுங்க. அவர் போகட்டும்” என்றார். கண்ணாடி ஏறியது. அன்றைக்குத் தியானம் இல்லாமலே அந்தக் கார் மேலே போயிற்று.

அடுத்த மாதம் முதல் தேதி, பொறுமை பள்ளி பஸ்ஸை நிறுத்திவிட்டு வெயில் மிச்சமிருக்கும்போதே வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டார் ஏதோ கெட்ட செய்தியோ என்று எட்டிப் பார்த்தார்கள். வேலைக்குப் போன மனைவி இன்னும் திரும்பவில்லை. மகள் பள்ளிச் சீருடையோடு கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

“அப்புறம்? இன்னைக்கு என்ன ஆச்சு?” என்றார் பொறுமை.

“ஒண்ணுமில்லப்பா.”

“டீச்சர் தூங்கினாங்களா?”

“இல்ல.”

மகள் நகத்தைக் கடித்தாள். அவர் தண்ணீர் குடித்தார். பதினாலு மாதம் விடாமல் பேசியவள், முகத்துக்கு நேரே வார்த்தை வராமல் தவித்தாள். அவருக்கும் மேலே என்ன கேட்பதென்று தெரியவில்லை. இதற்காகவா இத்தனை பாடு பட்டோம் என்று நெஞ்சு வலித்தது. மகள் சட்டென்று எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

“இதுல பதிஞ்சு தரட்டுமா?”

“வேண்டாம்மா. நேர்லயே சொல்லேன்.”

“நீங்க பாத்துக்கிட்டே இருந்தா வரமாட்டேங்குதுப்பா.” அவள் பெட்டியை மேசையில் வைத்தாள். “நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. வண்டியில உக்கார்ற மாதிரி.”

பொறுமை நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் இன்னொரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் காத்திருந்தார்.

“அப்பா, நான்தான்” என்று ஆரம்பித்தாள் மகள்.